‘1 ஸ்டாப்’ என்றால் ஒரே டிக்கெட்டா? தீவுக்குப் பறக்கும்போது உங்கள் பெட்டிக்கு யார் பொறுப்பு?

அந்தமான் போக ஆப்பில் விமானம் தேடுகிறீர்கள். நேரடி விமானத்தின் விலையைப் பார்த்ததும் விரல் தானாகவே ‘விலை குறைவு’ பட்டனுக்குப் போகிறது. ‘1 ஸ்டாப், லேஓவர் 2 மணி 10 நிமிடம்’ என்று ஒன்று முதலில் வந்து நிற்கிறது. நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் நல்ல மிச்சம். “அட, இதையே போட்டுடலாம்ப்பா” என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிறது. பணமும் கட்டியாகிவிட்டது.

அந்தத் திரையில் பெரிய எழுத்தில் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் வாங்கியது ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

முதல் விமானம் தாமதமானால் அடுத்தது கிடைக்குமா, பெட்டி எந்த ஊரில் கைக்கு வரும், தொலைந்தால் யாரிடம் கேட்பது... எல்லாவற்றுக்கும் பதில் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பயணியே தோண்டித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவைத்திருப்பது நியாயம் இல்லை. அதிலும் முதல் முறை விமானம் ஏறும் குடும்பங்களுக்கு இது பெரிய அநியாயம்.

திருவாலங்காட்டிலிருந்து ஒரு கணக்கு

மீனம்பாக்கம் பக்கத்தில் குடியிருப்பவருக்கு விமானம் தவறினால், வீட்டுக்குப் போய் மறுநாள் வரலாம். திருத்தணி பக்கம் திருவாலங்காட்டில் இருப்பவருக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை.

ஊருக்குள்ளிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரயில் நிலையத்துக்கு முதலில் வர வேண்டும். அங்கிருந்து அரக்கோணம் - சென்னை லோக்கலில் சென்ட்ரல் போக சுமார் ஒன்றரை மணி நேரம். பிறகு சென்ட்ரலில் மெட்ரோ நீல வழித்தடம் பிடித்தால் நேராக விமான நிலையம். அல்லது சாலையைக் கடந்து பூங்கா ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறி, திரிசூலத்தில் இறங்க வேண்டும். அதிகாலை விமானம் என்றால் முந்தின நாள் இரவே கிளம்பி வந்து காத்திருப்பதுதான் வழி.

எல்லையோர ஊர் என்பதால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகப் போகும் அதே ரயில் பாதையில்தான் வருகிறது. அங்கிருந்து ஹைதராபாத், அங்கிருந்து அந்தமான் என்று ஆப் ஒரு வழியைக் காட்டினால், “பரவால்லையே, பக்கமா இருக்கே” என்றுதான் தோன்றும். அது நல்ல வழியா, ஆபத்தான வழியா என்பது மறுபடியும் அந்த ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: டிக்கெட் ஒன்றா, இரண்டா?

திருவாலங்காட்டுக்கும் கடல் பயணத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1905-ல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரத்தை வென்றதைச் சொல்லும் சான்றுகளில் ஒன்று. சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த தீவுகள் என்று சொல்லித்தான் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை மத்திய அரசு ‘ஸ்ரீ விஜயபுரம்’ என்று மாற்றியது. சோழர் படையில் ஆளும் சரக்கும் ஒரே தலைமையின் கீழ் போயிருக்கும். இன்றைய பயணிக்கு ஆள் ஒரு டிக்கெட்டில், பெட்டி யார் பொறுப்பிலும் இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது.

ஒரே பிஎன்ஆர், இரண்டு பிஎன்ஆர்: என்ன வித்தியாசம்?

இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில், ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமான நிலையத்திலேயே பெட்டியில் கடைசி ஊரின் பெயரோடு டேக் ஒட்டுவார்கள். ஹைதராபாத்தில் நீங்கள் இறங்கி அடுத்த கேட்டுக்கு நடந்தால் போதும். பெட்டியை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஏர்லைன்ஸின் வேலை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றிவிடும் பொறுப்பும் அவர்களுடையது.

இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. இதற்கு ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று பெயர். முதல் ஊரில் இறங்கி, கன்வேயர் பெல்ட் அருகே நின்று பெட்டியை எடுத்து, வெளியே வந்து, புறப்பாட்டுப் பகுதிக்குப் போய், அடையாள அட்டை காட்டி உள்ளே நுழைந்து, கவுன்ட்டரில் மறுபடி பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனையை மறுபடி முடிக்க வேண்டும். முதல் ஏர்லைன்ஸைப் பொறுத்தவரை உங்கள் பயணம் ஹைதராபாத்தோடு முடிந்துவிட்டது. இரண்டாவது ஏர்லைன்ஸைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். இரண்டு விமானமும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தாலும், பிஎன்ஆர் வேறு வேறு என்றால் இதே நிலைமை வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? புக்கிங் உறுதியானதும் வரும் மெயிலைத் திறந்து பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே பிஎன்ஆர் இருக்கிறதா, டிக்கெட் எண் ஒன்றா என்று பாருங்கள். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’, ‘பெட்டியை எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும்’ என்ற வரிகள் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன்பே ஏர்லைன்ஸின் சொந்தத் தளத்தில் அதே வழியைத் தேடிப் பார்ப்பது நல்லது. அங்கே அந்த ஜோடி ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால், சில நூறு ரூபாய் கூடுதலானாலும் அதுதான் உண்மையான மலிவு.

கவுன்ட்டரில் இன்னொரு வேலை இருக்கிறது. டேக் ஒட்டியதும் அதில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் படியுங்கள். ஸ்ரீ விஜயபுரத்துக்கு ‘ஐஎக்ஸ்இசட்’, அகத்திக்கு ‘ஏஜிஎக்ஸ்’, மாலேவுக்கு ‘எம்எல்இ’. உங்கள் கடைசி ஊரின் குறியீடு அதில் இல்லையென்றால் அங்கேயே கேட்டுவிடுங்கள். பத்து இலக்க எண் உள்ள ரசீதை போர்டிங் பாஸோடு போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இடைவெளி போதும்?

ஆப் காட்டிய அந்த 2 மணி 10 நிமிடத்தை, இரண்டு டிக்கெட் என்று வைத்துக்கொண்டு நிமிடக் கணக்காகப் பார்ப்போம்.

விமானம் 10 மணிக்குத் தரையிறங்குகிறது. ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வந்து, கதவு திறந்து, நீங்கள் இறங்கி நடக்க 20 நிமிடம். என்ஜின் அணைந்த 10 நிமிடத்துக்குள் முதல் பெட்டியும் 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் வந்துவிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ் ஏழு ஏர்லைன்ஸ்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் கணக்குப்படியே நடந்தாலும் பெட்டி கையில் கிடைக்க 10.40 ஆகிவிடும். வெளியே வந்து, மறுபடி நுழைந்து, கவுன்ட்டர் வரிசையில் நிற்க இன்னொரு 30 நிமிடம். மணி 11.10.

உள்நாட்டு விமானங்களுக்கு கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடும். 12.10 விமானத்துக்கு 11.10-க்குக் கதவு சாத்தியாகிவிட்டது. எல்லாமே சரியான நேரத்தில் நடந்தும், ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லாமலும், நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். முதல் விமானம் 20 நிமிடம் தாமதம் என்றால் ஆட்டம் முடிந்தது.

அதனால் இரண்டு டிக்கெட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், உள்நாட்டுக்கு நாலு மணி நேர இடைவெளி குறைந்தபட்சம். டெர்மினல் மாற வேண்டியிருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையிலேயே உள்நாட்டு விமானங்கள் முதல் டெர்மினலுக்கும் நாலாவது டெர்மினலுக்குமாகப் பிரிந்திருக்கின்றன. சர்வதேச விமானங்களுக்கு இரண்டாவது டெர்மினல். எந்த விமானம் எதில் என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு நாள் இரவு நடுவூரில் தங்கிவிட்டுப் போவது சில நேரம் எல்லாவற்றையும்விட நிம்மதி.

தீவு விமானங்களில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

சென்னையிலிருந்து பெங்களூரு விமானம் போய்விட்டால் அடுத்த விமானம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. தீவுக்கு அப்படி இல்லை. நான்கு காரணங்கள்.

முதல் காரணம், விமானங்கள் குறைவு. லட்சத்தீவில் விமான நிலையம் உள்ள ஒரே தீவு அகத்தி. கொச்சி வழியாகப் போகும் விமானத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு வழி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே போக நுழைவு அனுமதியும் தேவை. அதில் குறிப்பிட்ட தேதிகளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்.

இரண்டாவது, ஓடுபாதை. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர். அகத்தியில் சுமார் 1,200 மீட்டர்தான். அதனால் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்க முடியும். நீளம் குறைந்த ஓடுபாதையில் எடை ரொம்பவும் முக்கியம். எடையைக் குறைக்க வேண்டிய நாளில் பெட்டிகள் அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படுவது உண்டு. ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் அறைகளும் சின்னவை. கைப்பையைக்கூட விமானத்தின் வாசலில் வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். அப்போது மருந்து, பணம், பவர் பேங்க் மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் அடியில் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது என்பது விதி.

மூன்றாவது, வானிலை. அந்தமான் சீசனும் சென்னையின் புயல் சீசனும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலால் மூடப்பட்ட சென்னை விமான நிலையம் மறுநாள் காலைதான் திறந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலின்போது பகலில் மூடி, மறுநாள் அதிகாலை திறந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாட்கள் மூடியே கிடந்தது. வானிலையைத் தாண்டியும் காரணங்கள் வரும். 2025 மே மாதம் அந்தமானைச் சுற்றிய வான்பகுதி இரண்டு நாள் காலையில் சில மணி நேரம் மூடப்பட்டது.

நான்காவது, படகு. அந்தமான் போகிறவர்களில் பலருக்கு ஸ்ரீ விஜயபுரம் கடைசி ஊர் இல்லை. ஹேவ்லாக், நீல் என்று பழகிய, 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாறிய இடங்களுக்குப் படகில் போக வேண்டும். விமானம் எவ்வளவு பத்திரமான டிக்கெட்டில் இருந்தாலும் படகு டிக்கெட் அதோடு சேராது. விமானம் தாமதம் என்று சொன்னால் படகு காத்திருக்காது. அங்கே சூரியன் மாலை ஐந்து, ஐந்தரைக்கே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இறங்கிய அன்றே படகு என்று போடாமல் முதல் இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் கழிப்பதும், திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே அங்கே வந்துவிடுவதும் அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லும் வழி.

கொழும்பு, மாலே வழி போகிறவர்களுக்கு

தேனிலவுக்கு மாலத்தீவு போகும் ஜோடிகள் பலர் கொழும்பு வழியாகத்தான் போகிறார்கள். சென்னை - கொழும்பு - மாலே ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராக மாலே போய்ச் சேரும். இரண்டு டிக்கெட் என்றால், கொழும்பில் பெட்டியை எடுக்க நீங்கள் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதாவது, இலங்கைக்குள் நுழைவதற்கான அனுமதி வேண்டும். “நாங்க சும்மா மாறிப் போறவங்கதானே” என்றால் கேட்க மாட்டார்கள். அந்த அனுமதி இல்லாவிட்டால் சென்னை கவுன்ட்டரிலேயே சிக்கல் ஆரம்பிக்கலாம்.

மாலேயில் இறங்கியதும் ரிசார்ட்டுக்கு சீபிளேன் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். சீபிளேன்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை தாமதமாக இறங்கினால் அன்று இரவு மாலே பக்கம்தான். எடையும் வேறு கணக்கு. பொதுவாக 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. சென்னையில் 30 கிலோ அனுமதி என்று அடுக்கிக்கொண்டு போனால், மிச்ச கிலோவுக்கு டாலரில் பணம் கேட்பார்கள். பல விமானங்கள் சேர்ந்த பயணத்தில், எது மிகக் குறைந்த எடையோ அதுதான் உங்கள் எடை.

திரும்பி வரும்போது வேறொரு விதி. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் பொதுவாகச் சுங்கச் சோதனை. மாலே - பெங்களூரு - சென்னை என்று வந்தால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெங்களூருவில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். பெட்டி சென்னை பெல்ட்டில் வரும் என்று நம்பி நேராக அடுத்த கேட்டுக்குப் போய்விட்டால், ஆள் சென்னையில், பெட்டி பெங்களூருவில்.

பெட்டி வரவில்லை. இப்போ என்ன?

பெட்டி தவறுவது அபூர்வம் இல்லை. விமானத் தொழில்நுட்ப நிறுவனமான சீட்டா வெளியிட்ட அறிக்கைப்படி, 2024-ல் உலக அளவில் 1,000 பயணிகளுக்கு 6.3 பெட்டி என்ற கணக்கில் தவறியிருக்கிறது. தாமதமான பெட்டிகளில் 41 சதவீதம் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தவறியவை. இணைப்பு விமானம்தான் பெட்டியின் பலவீனமான இடம்.

பெல்ட் நின்றும் பெட்டி வரவில்லையென்றால் வெளியே வந்துவிடாதீர்கள். அங்கேயே ஏர்லைன்ஸ் கவுன்ட்டரில் ‘பிஐஆர்’ என்ற புகார்ப் படிவத்தைப் பதிவு செய்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தங்கப்போகும் ஹோட்டல், அடுத்து போகும் தீவு, தேதி எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நாலு நாளில் மூன்று தீவு மாறுகிறவர்களைப் பெட்டி துரத்திப் பிடிக்க வேண்டும் இல்லையா?

சர்வதேசப் பயணத்தில் சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, கிடைத்த நாளிலிருந்து 21 நாள். 21 நாள் ஆகியும் வரவில்லையென்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். அந்த நாட்களில் வாங்கிய துணி, மருந்து, செருப்பு பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

புறப்படும் முன் செய்யக்கூடியதும் உண்டு. பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் பெயர், போன் நம்பர் எழுதி வையுங்கள். இரண்டு பேர் போனால் இருவரின் துணியையும் இரண்டு பெட்டியிலும் கலந்து அடுக்குங்கள். ஒன்று தவறினாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும். ஒரு நாள் துணி, மருந்து, நகை, ஆவணங்கள் எப்போதும் கைப்பையில்.

1,519-க்கும் 20,000-க்கும் நடுவே

இங்கே ஒரு வேடிக்கையான வித்தியாசம். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறக்க சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஸ்ரீ விஜயபுரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். கொழும்பு விமானத்தில் பெட்டி தொலைந்தால், 2009-ல் இந்தியா சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். அதன் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் சொன்னால் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அந்தமான் விமானத்தில் அதே பெட்டி, அதே பொருட்களோடு தொலைந்தால்? உள்நாட்டுப் பயணம் என்பதால், 2019 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட பயணிகள் சாசனப்படி ஏர்லைன்ஸின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். இரண்டுமே கடல் தாண்டும் பயணம். பெட்டியும் ஒன்றுதான். விலை மட்டும் பல மடங்கு வித்தியாசம். ஒரு குடும்பத்தின் நாலு நாள் துணி, கேமரா, செருப்பு எல்லாம் இருக்கும் பெட்டிக்கு இந்தத் தொகை போதாது. இது மறுபரிசீலனை செய்ய வேண்டிய வரம்பு. அதுவரை, விலை உயர்ந்த பொருள் பெட்டியில் போயே ஆக வேண்டுமென்றால், செக்-இன் நேரத்தில் மதிப்பைச் சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

‘ஒரே டிக்கெட் எண்’ என்ற ஓட்டை

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிகள் பயணிக்கு ஓரளவு பாதுகாப்பு தருகின்றன. விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கும் இழப்பீடு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று: இணைப்பு விமானம் ‘ஒரே டிக்கெட் எண்ணில்’ பதிவாகியிருக்க வேண்டும். இரண்டு டிக்கெட் வைத்திருப்பவர் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 261/2004 விதி ஒரே புக்கிங்கில் வரும் இணைப்பு விமானங்களுக்குத்தான் முழுப் பாதுகாப்பு தருகிறது. ஆக, இந்தக் கோட்டை உலகமே இப்படித்தான் போட்டிருக்கிறது.

ஏர்லைன்ஸ் தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அடுத்த விமானத்தை வேறு கம்பெனியில் எடுத்திருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பயணி தானாகவே இரண்டு இடத்தில் இரண்டு டிக்கெட் வாங்கினால் அந்த ரிஸ்க் அவருடையது. அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரே ஆப்பில், ஒரே திரையில், ‘1 ஸ்டாப்’ என்ற ஒரே பெயரில், ஒரே தடவை பணம் வாங்கி விற்கப்பட்டால்? அந்த இரண்டு டிக்கெட்டையும் ஜோடி சேர்த்தது பயணி இல்லை, அந்த ஆப். லேஓவர் இரண்டு மணி நேரம் போதும் என்று காட்டியதும் அதுதான். சேர்த்து விற்று லாபம் பார்க்கிறவர், சேர்ந்த பயணத்தில் வரும் இழப்பில் ஒரு பங்காவது ஏற்க வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால், குறைந்தபட்சம் பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே நாலு வரி சொல்ல வேண்டும்: “இவை இரண்டு தனி டிக்கெட். பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீணாகும். அதற்கு யாரும் பொறுப்பில்லை.” தமிழில் ஆப் நடத்துகிறவர்கள் தமிழிலேயே சொல்ல வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. இணையதளங்கள் நுகர்வோரைத் தந்திரமாகத் திசைதிருப்பும் ‘டார்க் பேட்டர்ன்’ உத்திகளைத் தடுக்க, 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 13 வகை உத்திகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. இரண்டு டிக்கெட்டை ஒன்று போலக் காட்டுவதையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தால் போதும்.

2025 டிசம்பரில் பைலட்களின் பணி நேர விதிகளை ஒட்டி இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, விமான நிலையங்களில் பெட்டிகள் மலை மலையாகக் குவிந்து கிடந்த காட்சியை நாடே பார்த்தது. பயணிகளிடமிருந்து பிரிந்துபோன பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் சேர்க்கும்படி மத்திய அமைச்சகம் உத்தரவிட வேண்டிவந்தது. பெரிய நெருக்கடி என்றால் அரசு தலையிடுகிறது. ஆனால் தினமும் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஏதோ ஒரு குடும்பம் இரண்டாவது டிக்கெட்டை இழந்து நிற்பது செய்தியாவதில்லை. அவர்களுக்கும் விதி வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் திருவள்ளூர்தான்

புகார் என்றதும் “அதுக்கு டெல்லி, மும்பைன்னு அலையணுமே” என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தேவையில்லை. முதலில் ஏர்லைன்ஸுக்கும் ஆப்புக்கும் எழுத்தில் புகார். பதில் சரியில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

அதுவும் பலிக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் எங்கே வசிக்கிறாரோ அந்த மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். திருவாலங்காட்டுக்காரருக்கு அது திருவள்ளூர். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். கையில் இருக்க வேண்டியவை: புக்கிங் மெயில், ஆப் திரையின் ஸ்கிரீன்ஷாட், டேக் ரசீது, பிஐஆர் எண், பில்கள். அந்த ‘1 ஸ்டாப்’ திரையைப் பணம் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதுதான் இதில் முக்கியம். பிறகு அந்தத் திரை கிடைக்காது.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

• பிஎன்ஆர் ஒன்றா, இரண்டா?

• பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, நடுவில் எடுக்க வேண்டுமா?

• இந்த விமானத்தைத் தவறவிட்டால், தீவுக்கு அடுத்த விமானம் எப்போது?

• மொத்தப் பயணத்தில் மிகக் குறைந்த எடை அனுமதி எந்த விமானத்தில், எத்தனை கிலோ?

• இறங்கிய அன்றே படகு, சீபிளேன் என்று எதையாவது நம்பியிருக்கிறேனா?

இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்த பிறகும் இரண்டு டிக்கெட்தான் லாபம் என்று தோன்றினால், தாராளமாக எடுங்கள். தெரிந்து எடுக்கும் ரிஸ்க் உங்கள் உரிமை. தெரியாமல் ஒரு பயணியின் தலையில் கட்டப்படும் ரிஸ்க்குக்குத்தான் ஒரு முடிவு வேண்டும். அந்த முடிவை டிஜிசிஏவும் நுகர்வோர் ஆணையமும்தான் எடுக்க வேண்டும்.